இந்தப் புழு எது? செடியைப் பாருங்கள், கால்களை எண்ணுங்கள்

அரளியிலோ நந்தியாவட்டையிலோ விரல் பருமனுள்ள ஒரு பச்சைப் புழு, முன்பக்கம் இரண்டு நீலக் கண்களோடு விறைத்து நின்றால் சின்னப் பாம்பு என்றே தோன்றும். அவை கண்களே அல்ல. தலைக்குப் பின்னால் மூன்றாவது வளையத்தில் உள்ள நிறத்திட்டுகள். உண்மையான தலை சிறியது, மிரண்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்முனையில் குட்டையான மஞ்சள் கொம்பு, உடலின் பக்கவாட்டில் ஒரு வெண்கோடு, சுற்றிலும் வெண்புள்ளிகள். இது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. கொம்பு கொட்டாது.

நிறத்தை மட்டும் நம்பினால் இங்கே ஏமாறுவோம். கூட்டுப்புழுவாகும் முன் இதே புழு பழுப்பாகி, முதுகு கறுத்து, செடியை விட்டு இறங்கித் தரையில் வேகமாக ஊரும். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவும் அப்படித்தான்: இளம் பருவத்தில் பறவை எச்சத்தின் தோற்றம், கடைசிப் பருவத்தில் பச்சை.

ஆகவே முதல் கேள்வி, எந்தச் செடியைத் தின்கிறது என்பது. செடிமேல் இருந்தால் போதாது. கடித்த இலையும் கீழே எச்சமும் இருக்க வேண்டும். செடி தெரிந்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறையும். அரளியில் வரிவரியான உடலும் உடலிலிருந்து நூல்போல நீளும் மெல்லிய கருந்தும்புகளும் கொண்ட புழு இருந்தால் தும்புகளை எண்ணுங்கள். நான்கு இணை என்றால் வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கில் மேயும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு மூன்று இணைதான்.

அடுத்து கால்கள். முன்னால் மூன்று இணை உண்மைக் கால்கள். பின்னால் சதைப்பற்றான பொய்க்கால்கள், பொதுவாக ஐந்து இணை. இரண்டே இணை இருந்து, உடலை வளைத்து அளந்து நடந்தால் அது அளவுப்புழு. ஐந்துக்கு மேல் இருந்தால் வண்ணத்துப்பூச்சியுமல்ல, அந்துப்பூச்சியுமல்ல. முள்ளங்கி, கடுகு இலைகளில் எட்டு இணையோடு காணும் கருமையான புழு குளவி இனத்தைச் சேர்ந்த ரம்பப்பூச்சியின் குஞ்சு.

மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில் இதெல்லாம் தெரியாது. பக்கவாட்டில் ஒன்று, தலை, வால், தின்ற இலை என நான்கு படங்கள் வேண்டும்; அருகில் அளவுகோல் இருந்தால் நல்லது. உரோமமுள்ள புழுவைக் கையால் தொடாதீர்கள். உரோமம் குத்திவிட்டால் தேய்க்காமல் ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுக்க வேண்டும்.

அப்படியும் பிடிபடாவிட்டால் வளர்த்துப் பார்ப்பதே உறுதியான வழி. காற்றோட்டமுள்ள டப்பா, அடியில் டிஷ்யூ தாள், தினமும் அதே செடியின் புது இலை. அரளிப் பால் நஞ்சு, இலை பறித்ததும் கை கழுவுங்கள். டப்பாவுக்குள் நீர் கோத்தால் பூஞ்சை பிடித்துப் புழு செத்துவிடும். பருந்து அந்துப்பூச்சிப் புழுவுக்குக் கடைசியில் சருகும் கொஞ்சம் மண்ணும் போடுங்கள். புழுவின் உடலிலிருந்து சிறு வெண்கூடுகள் கிளம்பினால் ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது என்று பொருள்; அந்தப் புழு பிழைக்காது. எல்லாம் சரியாக நடந்து பூச்சி வெளிவரும்போது, ஏறித் தொங்க செங்குத்தான ஒரு குச்சி உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறகு விரியாமல் சுருங்கியே காய்ந்துவிடும்.