ஹீட் பம்பும் சோலார் மானியமும்: குமரி மாவட்டத்தில் எதை முதலில் செய்வது?

கீசருக்குப் பதிலாகத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்பு வாங்கினால் 78,000 ரூபாய் மானியம் உண்டு என்று நினைத்துக் கடைக்குப் போய்விடாதீர்கள். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வரும் அந்தப் பணம் கூரையில் வைக்கும் சோலார் பேனலுக்கு மட்டும். ஹீட் பம்புக்கோ சோலார் வாட்டர் ஹீட்டருக்கோ அதில் ஒரு பைசா கிடையாது. ஆனாலும் ஹீட் பம்பு, சோலார் பேனல் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டம் 2026-27 நிதியாண்டு வரைக்குமானது. முதல் 2 கிலோவாட் வரை, ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய். மூன்றாவதற்கு 18,000 மட்டும். அதற்கு மேல் எத்தனை பேனல் போட்டாலும் 78,000 தாண்டாது. பேனலின் திறன், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதை வைத்தே மானியம். ஆகவே கிலோவாட் கணக்கில் பார்த்தால் 2 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டுக்குத்தான் இந்தத் திட்டம் அதிக லாபம்.

அந்த அளவுக்குள் நிற்க வெந்நீர்ச் செலவைக் குறைப்பது நல்ல வழி. நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 120 லிட்டர் வெந்நீர் என்று வைப்போம். 27 டிகிரி தண்ணீரை 55-க்கு ஏற்ற, தொட்டியில் வீணாகும் சூட்டையும் சேர்த்து, கீசர் 4 யூனிட்டுக்குச் சற்று மேல் இழுக்கும். ஹீட் பம்பு வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால் ஒன்றரை யூனிட்டில் அதே வேலை முடியும். இரண்டு மாத ரீடிங்கில் ஏறக்குறைய 170 யூனிட் மிச்சம். 760 யூனிட் ஓடும் வீடு 590-க்கு இறங்கும். 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும் என்றால் 2 கிலோவாட்டில் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். மீதி 110 மட்டும் மின்வாரியத்திலிருந்து. கீசரை வைத்துக்கொண்டே பேனல் போட்டிருந்தால் 3 கிலோவாட் கேட்டிருக்கும். எனவே முதலில் ஹீட் பம்பு, பிறகு ஒரு முழு ரீடிங், அதற்குப் பிறகு பேனலின் அளவு. பேனலே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை போய்விடும். அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கவும் ஹீட் பம்பு உதவும்.

ஈரமும் வெக்கையும் சேர்ந்த நம் ஊர்க் காற்று ஹீட் பம்புக்கு ஏற்றது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று என்று இரண்டு பருவமும் பெய்யும் மாவட்டம் இது. மூட்டமான நாளில் சோலார் வாட்டர் ஹீட்டர் கைவிடும், ஹீட் பம்பு விடாது. மதியம் காற்று நன்றாகச் சூடேறியிருக்கும்போது ஓடும்படி டைமர் வைத்தால் கரண்ட் இன்னும் குறையும். 50, 55 டிகிரி போதும். கிருமி சேராமலிருக்க வாரம் ஒருமுறை 60-க்கு ஏற்றுங்கள்.

கெடுவது பெரும்பாலும் வைக்கும் இடத்தால். குளச்சல், முட்டம் போலக் கடலையொட்டிய ஊர்களில் காற்றின் சூட்டை இழுக்கும் காயிலின் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரிக்கும். பூச்சுப் போட்ட காயில்தானா என்று கேட்டு வாங்கி, அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி சீக்கிரம் கரையும். அதைப் பார்த்து மாற்றாவிட்டால் அடுத்து அரிபடுவது தொட்டிதான். 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் 250 கிலோவைத் தாண்டும், அடித்தளம் பலமாக இருக்கட்டும். அடைத்த அறைக்குள் வைத்தால் தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். காயிலிலிருந்து சொட்டும் தண்ணீருக்குத் தனிக் குழாய் வேண்டும்; பக்கத்து வீட்டுச் சுவரில் வடிந்தால் சண்டைதான் மிச்சம்.

இனி மானிய விண்ணப்பம். சூர்ய கர் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணும் மொபைல் எண்ணும் கொடுத்துப் பதிய வேண்டும். இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் அங்கேயே நிற்க வேண்டிவரும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்துப்போய் மின்வாரியத்தில் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். சோலார் திறன் உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த மின்பளுவுக்கு (கிலோவாட் அளவு) மேல் போனால் பளுவையும் உயர்த்த வேண்டும். முன்பே சோலார் பேனலுக்கு மானியம் வாங்கிய வீட்டுக்கு மறுபடி கிடையாது.

பதிவு பெற்ற விற்பனையாளரைத் தளத்திலிருந்தே தேர்ந்தெடுங்கள். பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு பேனலை மாட்டினால் மானியம் போச்சு. பேனலின் வரிசை எண்கள் குறித்த சான்றைக் கையில் வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். ஐந்து வருடப் பராமரிப்பும் அவர்கள் பொறுப்புதான். விற்பவர் காலை பத்து மணிக்கு மட்டும் வந்து பார்த்தால் தென்னை மர நிழல் தெரியாது, மாலை மூன்று மணிக்கும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பேனலில் ஓலை நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி குறையலாம். பேட்டரி இல்லாத சோலார், மின்வாரியக் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். அந்நேரம் ஹீட் பம்பும் ஓடாது, தொட்டியில் இருக்கும் வெந்நீர்தான்.

முழுத்தொகையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். கையில் இல்லாதவர்களுக்கு ஜன் சமர்த் தளம் வழியாக வங்கிக் கடன் உண்டு. நெட் மீட்டர் (வாங்கும் கரண்டையும் திருப்பி அனுப்பும் கரண்டையும் கணக்கிடுவது) மாட்டி, ஆய்வு முடிந்து, இயக்கச் சான்று தளத்தில் ஏறிய பிறகு வங்கி விவரத்தைப் பதிந்தால் மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும். வரவில்லையென்றால் மின் கட்டண அட்டையிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருந்தால்கூடத் தடங்கல் வரலாம்.