மாநிலங்களைக் கேட்காமல் வந்த திருத்தம்

கூட்டுறவுச் சங்க வழக்குகளை நடத்தி வருகிறேன். 2021 ஜூலைக் கடைசியில் ஒரு கடன் சங்கத்தின் முன்னாள் தலைவர் செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்தார். “சார், நிர்வாகக் குழுவுக்கு அஞ்சு வருஷம்னு அரசியல் சட்டத்துலயே இருக்குன்னு சொன்னீங்க. இப்ப அந்தப் பகுதியே செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சே, எப்படி?”

நியாயமான கேள்வி. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தால் அரசியலமைப்பை மாற்றிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திருத்தம் செய்யும் முறையைச் சொல்லும் அரசியலமைப்புப் பிரிவு 368 கேட்பது வேறு கணக்கு.

மக்களவையில் 543 இடங்கள். திருத்த மசோதாவை அதில் பாதிக்கு மேல், அதாவது 272 பேராவது ஆதரிக்க வேண்டும். அதோடு அன்று வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 390 பேர் வாக்களித்தால் 260 போதாது, 272 வேண்டும். 450 பேர் வாக்களித்தால் 272 போதாது, 300 வேண்டும். மாநிலங்களவையிலும் தனியாக இதே முறை. இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் போட்டுத் தீர்க்க வழியில்லை. 2024 டிசம்பரில் ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவுக்கு 269–198 என்று வாக்கு விழுந்தபோது, ‘நிறைவேறிவிட்டது’ என்று எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அது மசோதாவை அறிமுகப்படுத்த மட்டும் நடந்த வாக்கெடுப்பு. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 467 பேர் வாக்களித்த அந்த அவையில் நிறைவேற்ற 312 வேண்டும்.

சரி, இரு அவைகளையும் தாண்டியாகிவிட்டது. அப்புறமும் சில விஷயங்களில் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களாவது தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தல், உயர் நீதிமன்றங்கள், மத்திய, மாநில அரசுகளின் சட்டமியற்றும் அதிகாரப் பங்கீடு போன்றவை அவை. அதுவும் குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்குப் போகும் முன்பே. 2016-ல் ஜிஎஸ்டிக்காக மாநிலங்களிடம் போனார்கள். கூட்டுறவுக்குப் போகவில்லை.

2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 97-வது திருத்தம் கூட்டுறவுச் சங்கங்களுக்கென்று சேர்த்த பகுதிதான், நிர்வாகக் குழுவில் 21 பேருக்கு மேல் கூடாது, பதவிக்காலம் 5 ஆண்டு என்றெல்லாம் வகுத்தது. நல்ல நோக்கம்தான், உரிய காலத்தில் தேர்தல் நடக்காமல் சீரழிந்த சங்கங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆனால் கூட்டுறவு, மாநிலங்கள் சட்டம் இயற்ற வேண்டிய விஷயங்களைச் சொல்லும் மாநிலப் பட்டியலில் உள்ளது. பட்டியலில் ஒரு சொல்லைக்கூட மாற்றாவிட்டாலும், சட்டமன்றம் இப்படித்தான் சட்டம் இயற்ற வேண்டும் என்று கட்டுப்போட்டால் அதன் அதிகாரம் குறைகிறது. 2013-ல் குஜராத் உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. 2021 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

மாநிலங்கள் ஏற்றாலே போதும் என்றும் இல்லை. நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99-வது திருத்தத்தைப் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றன. ஆனாலும், எந்தத் திருத்தமும் குலைக்கக் கூடாது என்று 1973-ன் கேசவானந்த பாரதி தீர்ப்பு வகுத்த அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறது என்று 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் அது ரத்தானது.

வந்தவரிடம் சங்கத்தின் பதிவுச் சான்றிதழைக் கேட்டேன். ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்குத்தான் அந்தப் பகுதி இல்லாமல் போனது. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அது இன்றும் பொருந்தும். அவருடையது தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் பதிவானது. “அப்ப நம்ம பதவிக்காலம் சட்டமன்றம் சொல்றதுதான்” என்று அவரே சொல்லிவிட்டார்.