ஓட்ஸ் உப்புமா ஏன் கொழகொழத்துப் போகிறது?

‘சுகர் பார்டர்ல இருக்கு, காலையில ஓட்ஸ் எடுத்துக்குங்க’ என்று டாக்டர் சொன்ன வீட்டுக்கெல்லாம் அந்தப் பாக்கெட் வந்துவிடும். பாலில் போட்டு, சர்க்கரை இல்லாமல் ஓரிரு நாள் விழுங்கிப் பார்ப்பார்கள். அப்புறம் கடுகும் உளுத்தம்பருப்பும் பச்சை மிளகாயும் உள்ளே இறங்கி, அது உப்புமாவாகிவிடும். மயிலாப்பூரானாலும் சரி, பெரம்பூரானாலும் சரி, கதை இதுதான். ரவை உப்புமா கிண்டிப் பழகிய கை, ஓட்ஸுக்கும் அதே கணக்கில் தண்ணீர் ஊற்றும். கடாயில் பசைதான் மிஞ்சும்.

ரவை என்பது பச்சைக் கோதுமையின் உடைசல். அதிலுள்ள மாவுச்சத்து இனிமேல்தான் தண்ணீர் குடித்து ஊதி வேக வேண்டும். அதனால் கப்புக்கு இரண்டரை கப் தண்ணீர் கேட்கிறது. ஓட்ஸ் அப்படியில்லை, ஆலையிலேயே ஒருமுறை ஆவி பார்த்துவிட்டு வருகிறது. காரணம் அதிலுள்ள கொழுப்பு. வெள்ளை அரிசியில் 1 சதவீதம்கூடத் தேறாது. ஓட்ஸில் 6, 7 சதவீதம் இருக்கும். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் அதே மணியில்தான் இருக்கிறது. மணி நசுங்கி இரண்டும் கலந்தால் சீக்கிரமே கசந்துவிடும். அதனால் முதலில் ஆவியில் வைத்து நொதியை முடக்கிவிட்டு, பிறகுதான் உருளைகளுக்கு நடுவே தட்டையாக்குகிறார்கள். நம் கைக்கு வரும் ரோல்டு ஓட்ஸ் பாதி வெந்தது, மெல்லியது. ஒரு கப்புக்கு முக்கால் கப் தண்ணீர் போதும், மிஞ்சினால் ஒரு கப்.

தண்ணீரைக் குறைத்தாலும் ஒரு வழவழப்பு இருக்கத்தான் செய்யும். அது பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார்ச்சத்தின் வேலை. குளுக்கோஸ் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோர்த்த நீளச் சங்கிலி அது. காகிதத்திலும் பருத்தியிலும் இருக்கும் செல்லுலோஸும் இதே குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் அது தண்ணீரில் கரைவதில்லை. செல்லுலோஸ் சங்கிலி நேரானது, ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். பீட்டா குளூக்கானில் மூன்று, நான்கு கண்ணிக்கு ஒருமுறை இணைப்பு மாறி ஒரு வளைவு விழுகிறது. நேரான சவுக்குக் கட்டையை நெருக்கி அடுக்கலாம். கோணல் முருங்கைக் குச்சியை அடுக்கினால் சந்து விழும். அந்தச் சந்துகளில் தண்ணீர் புகுந்து சங்கிலிகளைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் கஞ்சி வழுக்குகிறது.

கஞ்சியை ஆறவைத்துப் பார்த்தால் இந்த நாரைத் தனியாகவே அடையாளம் காணலாம். வாயில் வைத்த கரண்டியை மறுபடி கஞ்சிக்குள் விட்டால் அது நீர்த்துப் போகும் என்று வீட்டில் திட்டுவார்கள் இல்லையா? எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டுவதால் வருவது அது. அரிசிக் கஞ்சி தண்ணீராய்ப் போகும். ஓட்ஸ் கஞ்சியும் இளகும், ஆனால் கொஞ்சம் வழவழப்பு மிஞ்சும். பீட்டா குளூக்கானை வெட்ட நம் உடம்பில் எந்த நொதியும் கிடையாது.

குடலிலும் அது கெட்டியாகவே இருந்து, சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. பித்த அமிலங்களையும் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. கல்லீரல் புதிதாகப் பித்தம் சுரக்க ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதய நலம் பற்றி எழுத அனுமதித்ததும் இதை வைத்துத்தான். அங்கே சொன்ன கணக்கு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான். 40 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான் கிடைக்கும். ஒரு தட்டு உப்புமா பாதிக் கணக்கு. மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

உப்புமா உதிரியாக வர வேண்டுமானால் இந்த நாரை ஓட்ஸ் அவலுக்குள்ளேயே அடக்கி வைக்க வேண்டும். சிறு தீயில் நாலைந்து நிமிடம் வெறும் கடாயில் வறுத்தால் ஈரம் போய் மேல்புறம் இறுகும், முந்திரி வறுத்த மாதிரி வாசனையும் வரும். கேரட், பீன்ஸைத் தாளிப்பிலேயே வேகவைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஓட்ஸ் இறங்கிய பிறகு மூன்று நிமிடம்தான் அவகாசம். வறுத்த ஓட்ஸைக் கொட்டி, உப்புக் கலந்த தண்ணீரைத் தெளித்து, மூடிவிடுங்கள். கிண்டக் கூடாது. கிண்டக் கிண்ட அவல் உடைந்து பசை வெளியே வரும். கரண்டியின் பின்புறத்தால் ஒருமுறை கிளறிவிட்டால் போதும்.

என்னைக் கேட்டால், அடக்கி வைப்பதைவிட வெளியே விடுவதே மேல். நாலு பங்கு தண்ணீரில் நன்றாகக் கிண்டிக் காய்ச்சி, ஆறியதும் மோர் சேர்த்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயுமாகக் குடித்தால் சென்னை வெயிலுக்கு உப்புமாவைவிடப் பொருத்தம். சூட்டோடு மோரை விட்டால் திரிந்துவிடும், அவ்வளவுதான் ஜாக்கிரதை.

இன்ஸ்டன்ட் வகையை மட்டும் நான் வாங்குவதில்லை. ரொம்ப மெல்லிசாக நசுக்கி, நன்றாக வேகவைத்துக் காயவைத்தது என்பதால் மாவுச்சத்து சீக்கிரம் செரிக்கிறது. சாதாரண ரோல்டு ஓட்ஸ் கஞ்சியின் கிளைசெமிக் குறியீடு, அதாவது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்ற அளவு, 55-ஐ ஒட்டி இருக்க, இன்ஸ்டன்ட் 80-ஐத் தொடுகிறது. சுகருக்காக ஓட்ஸுக்கு மாறியவர் அதை வாங்குவதில் அர்த்தமில்லை. மசாலா பாக்கெட் என்றால் பின்னால் சோடியம் வரியையும் படித்துவிடுங்கள்.

பிரித்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைப்பது இந்த ஊர்ப் புழுக்கத்துக்குச் சரிவராது. நொதி செத்தாலும் காற்றுபட்டுக் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், வண்டும் வரும். சின்ன பாக்கெட்டாக வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.