சத்தம் அடங்கிய படுக்கையை முதலில் பாருங்கள்

கேஷுவாலிட்டியில் சேர்ந்த புதிது, நைட் டூட்டி. கை முறிந்த ஒருவர் வார்டே அதிரக் கத்திக்கொண்டிருந்தார். கூட வந்த ஐந்தாறு பேர் அவரைவிட அதிகம் கத்தினார்கள். பக்கத்து பெட்டில் வீசிங்கோடு வந்த ஒரு பையன். விசில் மாதிரி கேட்டுக்கொண்டிருந்த மூச்சு திடீரென்று அடங்கியது. நெபுலைசர் வேலை செய்துவிட்டது என்று நினைத்து நான் கட்டுப் போடப் போய்விட்டேன். சீனியர் சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, விசில் எழுப்பக்கூட உள்ளே காற்றுப் போகவில்லை என்று. பையன் பிழைத்தான். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதிலேயே இருக்கிறது.

என்கிளெக்ஸுக்குப் படிக்கும் பெண்களுக்கு இப்போது அந்தப் பையனைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற எழுதும் இந்தத் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. மருந்தும் டோஸும் தலைகீழாக ஒப்பிப்பவர்கள்கூட, "யாரை முதலில் பார்ப்பீர்கள்?" என்ற கேள்வியில் சறுக்குகிறார்கள்.

நான்கு பேர் என்று வையுங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாச்சுரேஷன் 90. மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து, வலி பத்துக்கு எட்டு. சுகர் 260. நேற்று தைராய்டு ஆபரேஷன் முடிந்தவர், உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்கிறார்.

பலரும் 90ஐப் பார்த்ததும் பாய்ந்துவிடுவார்கள். 'மூச்சு முதலில்' என்று படித்த பாடம் அப்படி இழுக்கும். ஆனால் அந்த நோயாளிக்கு 88 முதல் 92 வரை எதிர்பார்த்ததுதான். ஆபரேஷன் வலியும் அப்படியே. 260 சுகரும் கொஞ்சம் காத்திருக்கும். மரத்துப்போகும் உதடு அப்படியில்லை. தைராய்டை எடுக்கும்போது ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டால் கால்சியம் இறங்கும். இன்னும் இறங்கினால் குரல்வளை இறுகி மூச்சே நின்றுபோகலாம். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் அவரிடம்தான் முதலில் போகவேண்டும்.

அதற்காக வலியை எப்போதும் கடைசியில் தள்ளாதீர்கள். காலில் மாவுக்கட்டு, ஊசி போட்டும் வலி ஏறிக்கொண்டே போகிறது, விரல் மரத்துவிட்டது என்றால் கட்டுக்குள் தசை இறுகி ரத்த ஓட்டம் நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த வலி காத்திருக்காது.

பேரிடர்க் கேள்வி வந்தால் கணக்கே தலைகீழ். எழுந்து நடப்பவருக்குப் பச்சை அட்டை, அவர் காத்திருக்கலாம். மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் போனால் சிவப்பு, உடனே பார்க்கவேண்டும். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் மூச்சு வராத பெரியவருக்குக் கறுப்பு அட்டை. அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகவேண்டும். வார்டில் சிபிஆர் செய்து பழகிய கைக்கு இது எளிதில் வராது. வகுப்பில் இந்த இடத்தில் ஒருத்தியாவது என்னோடு சண்டை பிடிப்பாள். எனக்கு அவளைத்தான் பிடிக்கும்.

ஒரு பயிற்சி கொடுப்பது வழக்கம். டூட்டி மாறும்போது ஹேண்டோவர் நோட்டைப் பார்த்து, முதலில் போகவேண்டிய நான்கு பேரைக் காரணத்தோடு எழுதி வரச்சொல்வேன். முதல் வாரம் வரும் தாள்கள் பெரும்பாலும் பெட் நம்பர் வரிசையிலேயே இருக்கும்.