சிவப்பு வைன் குடித்தால் வாய் ஏன் காய்கிறது?

வேலை மாற்றலாகி பிரான்சின் லியோன் நகருக்குப் போயிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "அலுவலக விருந்தில் முதல்முறையாகச் சிவப்பு வைன் குடித்தேன். ஒரு வாய் குடித்ததுமே நாக்கும் மேலண்ணமும் காய்ந்து சொரசொரப்பாகிவிட்டன. வைன் கெட்டுப்போயிருந்ததா? அடுத்த முறை எதைக் கேட்டு வாங்குவது?"

கெட்டுப்போகவில்லை. உங்கள் வாயில் நடந்தது அருமையான வேதியியல். அது பிடிபட்டால் வைன் பட்டியலும் ஓரளவு பிடிபட்டுவிடும்.

திராட்சைச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். இங்கே நமக்கு வேண்டியது தோலும் விதையும். கறுப்புத் திராட்சையை உரித்துப் பாருங்கள், பெரும்பாலும் உள்சதை வெளிறித்தான் இருக்கும். வெள்ளை வைனுக்குச் சாற்றைப் பிழிந்து, தோலை ஒதுக்கிவிட்டு நொதிக்க விடுகிறார்கள். சிவப்பு வைன் தோல், விதையோடு பல நாள் ஊறி நொதிக்கிறது. அப்போது நிறத்தோடு டானின்களும் சாற்றில் இறங்குகின்றன. வாழைக்காயும் பாக்கும் கடுந்தேநீரும் துவர்ப்பதற்குக் காரணம் இதே டானின் குடும்பம்தான்.

எச்சில் வெறும் தண்ணீர் அல்ல. காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து வரும் எச்சிலில், புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் ஏராளம். புரோலின் ஒரு விசித்திரப் பிறவி. அதன் பக்கக்கிளை வளைந்து வந்து புரதச் சங்கிலியின் முதுகெலும்பிலேயே இணைந்து ஒரு வளையமாகிவிடும். அதனால் அந்தப் புரதச் சங்கிலி மற்றவை போல ஒழுங்காகச் சுருண்டு மடங்க முடியாமல் நீளமாக, திறந்தே கிடக்கிறது. டானினிடமோ தட்டையான வளையங்கள் பல. அவை புரோலின் வளையங்களின்மேல் படிந்துகொள்கின்றன. டானினின் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் புரதத்தை இறுக்கிக்கொள்கின்றன. ஒரே டானின் மூலக்கூறு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று புரதங்களைப் பிடித்துவிடும். அவை திரண்டு எச்சிலிலிருந்து பிரிந்துவிட, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வழுக்கிக்கொண்டிருந்த மெல்லிய படலம் குலைகிறது. வாயில் ஈரம் இருக்கிறது, வழுவழுப்புத்தான் போய்விட்டது. துவர்ப்பில் பெரும்பங்கு சுவையல்ல, தொடு உணர்வு என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். உதட்டின் உள்பக்கமும் ஈறும்கூட அதை உணர்கின்றன.

உடலும் சும்மா இருப்பதில்லை. டானின் மிகுந்த சோளத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே அவற்றின் எச்சில் சுரப்பிகள் இந்தப் புரதத்தைப் பல மடங்கு கூடுதலாகச் செய்யத் தொடங்கின. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

வைன் இல்லாமலே சோதித்துப் பார்க்கலாம். பால், சர்க்கரை இல்லாத கடுந்தேநீரை ஒரு மிடறு குடித்து, நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். இடைவெளி விடாமல் இரண்டாவது, மூன்றாவது மிடறு போகப்போகச் சொரசொரப்பு ஏறிக்கொண்டே வரும். அப்புறம் பால் ஊற்றுங்கள். பாலின் கேசீன் புரதத்திலும் புரோலின் அதிகம், டானின் அதைப் பிடித்துக்கொள்ள எச்சில் தப்பித்துவிடும். துவர்க்கும் வைனோடு பாலாடைக்கட்டியும் இறைச்சியும் பரிமாறுவதில் உள்ள சூட்சுமமும் இதுதான். பிரான்சின் போர்தோ பகுதியில் 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றும் பழைய வழக்கம் உண்டு. முரட்டு டானினைப் பிடித்துக்கொண்டு அது அடியில் படிந்துவிடும்.

தோல் பதனிடுவதும் இதே கதைதான். ஆவாரம்பட்டையின் டானின் ஆட்டுத்தோலின் கொலாஜனைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டைக்குப் பதிலாகக் குரோமியம் வந்து பாலாறு என்ன ஆனது என்று பார்த்த பிறகும், தாவரப் பதனிடல் ஆய்வுக்கு நாம் தாராளமாகப் பணம் ஒதுக்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, கடையில் எதைக் கேட்பது? பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் ஊர்ப்பெயர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. போஜொலே சிவப்பு என்றால் காமே திராட்சை, பர்கண்டி சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார். இரண்டிலும் டானின் குறைவு. போர்தோவில் கபெர்னே சோவிஞான் கலந்தவை நன்றாகத் துவர்க்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: இத்தாலியின் பரோலோ வெளிறிய சிவப்பாக இருக்கும், ஆனால் அதன் நெபியோலோ திராட்சை துவர்ப்பில் பெயர் போனது. கோப்பையைச் சுழற்றினால் உள்சுவரில் வழியும் 'கண்ணீர்' தரத்தின் அடையாளம் என்பார்கள். அது மூடநம்பிக்கை. ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை மாறுவதால் வருவது அது என்று விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் 1855-லேயே விளக்கிவிட்டார். சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சையும் நம்பிக் குடிக்காதீர்கள். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது.

போஜொலே லியோனுக்கு வடக்கே பக்கத்திலேயே இருக்கிறது. அதையே முதலில் கேளுங்கள், சற்றுக் குளிர்ச்சியாக. போர்தோவைக் குளிர வைக்காதீர்கள், துவர்ப்பு இன்னும் தூக்கலாகும். ஒரு மிடறு தனியாக, அடுத்தது ஒரு துண்டு பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு. இரண்டு மிடறுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் நாக்குக்கே தெரியும்.