தை மாதம் 0.9, பங்குனியில் 4.6

காரைக்குடியில் சிறுநீரக மருத்துவராக இருக்கிறேன். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா நாட்களில் ஊரே கோயில் பக்கம் இருக்கும். எங்களிடம் கூட்டம் குறைந்துவிடும். அப்படி ஒரு காலையில்தான் அந்த ஆச்சி வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். (யாரென்று தெரியாமலிருக்க இந்தக் கட்டுரையில் வருபவர்களின் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் மூன்று மாதக் காகிதங்கள்.

"பால்குடம் எடுக்கிறதா வேண்டுதல் தம்பி. இந்தக் கால் வீக்கம் மட்டும் வடிஞ்சாப் போதும்" என்றார்.

பையிலிருந்ததை மேசையில் கொட்டி, தேதி வாரியாக அடுக்கினேன். தை மாதம் மூக்கடைப்பு, மூக்கில் ரத்தப் பொருக்கு. சைனஸ் என்று மருந்து. அப்புறம் ஒரு காது மந்தம். அப்புறம் இன்று முழங்கால், நாளை மணிக்கட்டு என்று இடம் மாறி மாறி மூட்டு வலி. அதற்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. மாசியில் காய்ச்சல், ஆறு கிலோ எடை குறைவு. அப்போது எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் 2+, ரத்தம் 2+. நீர்த்தாரையில் கிருமி இருக்கும் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளரவில்லை. ஆனாலும் இன்னொரு சுற்று ஆன்டிபயாட்டிக்.

கிரியாட்டினின் மூன்று இடங்களில் பார்க்கப்பட்டிருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது; சிறுநீரகம் இறங்க இறங்க ரத்தத்தில் ஏறும். தையில் 0.9. மாசியில் 1.8. பங்குனியில் 4.6.

ஆச்சிக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை உண்டு. அதனால் கடைசியாகப் பார்த்த இடத்தில் "சர்க்கரை கிட்னியைப் பிடிச்சிருச்சு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூக்கைப் பார்த்தவர் கையில் மூட்டு வலியின் சீட்டு இல்லை, காய்ச்சலைப் பார்த்தவர் கையில் பழைய கிரியாட்டினின் இல்லை. ஆனால் அந்த மூன்று எண்களும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் அது சர்க்கரை இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். சர்க்கரை, சிறுநீரகத்தை வருடக்கணக்கில் மெதுவாக அரிக்கும். இரண்டு மாதத்தில் ஐந்து மடங்கு கிரியாட்டினினை ஏற்றுகிற வழக்கம் அதற்குக் கிடையாது.

"நீர் எப்படிப் போகுது ஆச்சி?" என்று கேட்டேன்.

"சூட்டுல கொஞ்சம் செவப்பாப் போகுது. நுரையா நிக்கிது. இளநீர் குடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

இந்த இளநீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வெயிலுக்கு இளநீர் நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் இறங்கிக்கொண்டிருக்கும்போது இளநீரிலும் வாழைத்தண்டுச் சாற்றிலும் உள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், சில நேரம் நின்றேவிடும். கிட்னிக்கு நல்லது என்று வாழைத்தண்டுச் சாறு குடித்துவிட்டு அவசரமாக டயாலிசிஸ் மேசைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேலையைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கச் சொன்னேன். இரண்டு கால்களிலும் குங்குமத்தைத் தெளித்தது போல் சிவப்புப் புள்ளிகள். "எறும்பு கடிச்சது தம்பி" என்றார். விரலால் அழுத்திப் பார்த்தேன், நிறம் மறையவில்லை. சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தும்போது வெளுக்கும். இது மெல்லிய குழாய் உடைந்து தோலுக்கடியில் கசிந்த ரத்தம்.

அங்கேயே சிறுநீர் வாங்கினேன். நேரம் கடந்தால் அணுக்கள் சிதைந்துவிடும் என்பதால் உடனே சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கல்லாலோ சிறுநீர்ப்பைப் புண்ணாலோ வரும் சிவப்பணுக்கள் பெரும்பாலும் காசு போல வட்டமாக இருக்கும். ஆச்சியின் அணுக்கள் நசுங்கி, ஓரத்தில் குமிழ் குமிழாகப் புடைத்திருந்தன. நடுவே ஒன்றிரண்டு இடங்களில் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, குழாய்க்குள் வார்த்து எடுத்த அச்சு மாதிரி நீளமாகக் கிடந்தன. சிறுநீரகத்தின் வடிகட்டிகளே உடைந்து ரத்தம் கசிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் சிறுநீரில் கிடையாது.

நோயின் பெயர் வாஸ்குலைட்டிஸ், அதாவது ரத்தக்குழாய் அழற்சி. அதில் பல வகை உண்டு. ஆச்சிக்கு இருந்தது ஆன்கா என்ற எதிர்ப்பொருளோடு (ஆன்டிபாடி) வரும் வகை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தன் வெள்ளணுக்களையே எதிரியாக எண்ணி இந்த எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவை ஒட்டியதும் வெறி கொண்ட வெள்ளணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களின் சுவரைத் தாக்கும். மூக்கு, காது, நுரையீரல், தோல், நரம்பு என்று மெல்லிய குழாய் இருக்கும் இடமெல்லாம் போகும். சிறுநீரகம் என்பதோ முழுக்க முழுக்க மெல்லிய குழாய்களின் முடிச்சு. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டுகின்றன. குழாய் உடைந்த வடிகட்டிக்குள் அணுக்கள் குவிந்து, பிறை வடிவத்தில் அதை நெரிக்கும். நாங்களும் அதைப் பிறை என்றே சொல்கிறோம். பிறை புதிதாக இருக்கும்போது மருந்துக்குக் கரையும். சில வாரம் விட்டால் இறுகித் தழும்பாகும். தழும்பான வடிகட்டி திரும்ப வராது.

இத்தனையும் நடக்கும்போது சிறுநீரகம் வலிக்காது. சிறுநீர் அளவு குறையாமலும் இருக்கலாம். "நீர் நல்லாத்தான் போகுது, அப்புறம் எப்படி கிட்னி கெடும்?" என்று கேட்காத குடும்பம் இல்லை.

பயாப்சி செய்ய வேண்டும் என்றதும் சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் வந்தார். "கிட்னியில ஊசி குத்தினா இருக்கிறதும் போயிருமாமே டாக்டர்?" நியாயமான பயம்தான். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, நூல் கனத்தில் இரண்டு துணுக்கு எடுப்போம். 10 லட்சத்தில் சில பத்து வடிகட்டிகள்தான் அதில் வரும். ஒரு நாள் படுத்திருக்க வேண்டும். சிலருக்குச் சிறுநீரில் ரத்தம் கலந்து போகும். அரிதாக ரத்தக் கசிவு பெரிதாகலாம். அதையும் மறைக்காமல் சொன்னேன். எத்தனை வடிகட்டி பிழைக்கும், எத்தனை தழும்பாகிவிட்டது என்று சொல்ல வேறு வழியில்லை. ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே ஸ்டீராய்டு ஊசி ஏறியது.

மூன்று நாள் மீத்தைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, பிறகு ஸ்டீராய்டு மாத்திரை, கூடவே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிட்டுக்ஸிமாப். பொதுவாக இதுதான் முறை. ரிட்டுக்ஸிமாப் இப்போது நம் நாட்டிலேயே தயாராவதால் விலை முன்பு போல் எட்டாத உயரத்தில் இல்லை. தொடங்கும் முன் மஞ்சள் காமாலை பி வைரஸும் காசநோயும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஸ்டீராய்டு என்றாலே முகம் ஊதும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும் என்று பயப்படுகிறார்கள். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் மருந்தில்லாத காலம் எப்படி இருந்தது? 1958-இல் பிரிட்டனில் வெளியான கணக்கில், இந்த நோயின் ஒரு வகை வந்தவர்களில் 100-க்கு 82 பேர் ஓராண்டுக்குள் இறந்திருக்கிறார்கள். இன்று பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். 2020-இல் வெளியான, 704 பேரை வைத்து நடந்த ஆய்வு, ஸ்டீராய்டு அளவைச் சீக்கிரமாகக் குறைத்தாலும் பலன் குறையவில்லை, கிருமித் தொற்று குறைகிறது என்று காட்டியது. அதனால் இப்போது முன்பைவிட வேகமாகக் குறைக்கிறோம். குறைப்பது எங்கள் வேலை. நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால், இத்தனை நாள் மாத்திரையை நம்பியிருந்த உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரக்க முடியாமல் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழும், நோயும் திரும்பலாம்.

ஆச்சியின் கிரியாட்டினின் 2.1-இல் வந்து நின்றது. முழுசாகத் திரும்பவில்லை. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. அந்த வருடம் பால்குடம் எடுக்க விடவில்லை என்று என் மேல் வருத்தம் அவருக்கு; எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோடு அந்தக் கூட்டத்தில் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது திங்கட்கிழமை சந்தைக்கு வரும்போது மாதம் ஒருமுறை சிறுநீர் கொடுத்துவிட்டுப் போகிறார். இந்த நோய் திரும்பி வரும் குணமுள்ளது. திரும்பும்போது உடம்புக்குத் தெரியும் முன் பெரும்பாலும் சிறுநீரில் தெரியும்.

இதே நோய் வந்த இன்னொருவர், தைப்பூசத்துக்குப் பழனி நடந்தே போய் வந்தவர். திரும்பியதிலிருந்து வலது கால் செருப்பு கழன்று விழுவதே தெரியவில்லை என்றார் அவர் மனைவி. நடந்த அசதி என்று வலி மாத்திரையாகப் போட்டிருக்கிறார். உண்மையில் அது ரத்தம் கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்த நரம்பு. பிறகு இருமலில் ரத்தம். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்து காசநோய் மருந்து தொடங்கியிருந்தார்கள். நம் ஊரில் இருமலில் ரத்தம் என்றால் முதலில் காசநோயை நினைப்பதுதான் சரி. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் சிறுநீரை யாரும் பார்க்கவில்லை. அரசு மருத்துவமனையில் காசில்லாமல் பார்க்கக்கூடிய பரிசோதனை அது. என்னிடம் வந்தபோது கிரியாட்டினின் 11. நுரையீரலைக் காப்பாற்றினோம், காலிலும் பாதி பலம் திரும்பியது. பயாப்சியில் வடிகட்டிகள் பெரும்பாலும் தழும்பு.

காய்ச்சலோ மூட்டு வலியோ மூக்கில் ரத்தமோ வாரக்கணக்கில் இழுத்தால், யாரிடம் காட்டினாலும், "ஒரு யூரினும் கிரியாட்டினினும் பார்த்திரலாமா?" என்று நீங்களே கேளுங்கள். பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரே பையில் வையுங்கள். சிறுநீரில் ரத்தமும் புரதமும் சேர்ந்து வந்து, கல்ச்சரில் கிருமி இல்லை என்றால், இன்னொரு ஆன்டிபயாட்டிக்குக்கு முன் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். அடுத்த மாதம் அல்ல, அந்த வாரமே.

பழனி நடந்தவர் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். நோய் அடங்கி ஆறு மாதமாவது ஆன பிறகுதான் மாற்றுச் சிறுநீரகம் வைப்போம். அவருக்கு அடங்கி எட்டு மாதமாகிறது. மனைவியின் ரத்த வகை பொருந்தியிருக்கிறது. மற்ற பரிசோதனைகளுக்கு இருவரும் அடுத்த வாரம் மதுரை போகிறார்கள்.