உய்குர் கட்டாய உழைப்பு: புகாரில் எழுத வேண்டியது சரக்கைப் பற்றி

உய்குர்கள் சீனாவின் சின்ஜியாங் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் சிறுபான்மையினர். சென்ற குளிர்காலத்தில் ஓர் உய்குர் பெண் தன் பன்னிரண்டு பக்கக் கடிதத்தை என்னிடம் காட்டினார். தம்பி அரசின் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டது, வெளியே வந்த பிறகும் வீட்டுக்கு விடாமல் கையுறை ஆலைக்கு அனுப்பப்பட்டது, அம்மாவுடன் பேச்சு நின்றுபோனது என்று எல்லாம் அதில் இருந்தது. அதை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினார். வேறு துறையைக் கேளுங்கள் என்றார்கள். அந்தத் துறை, வெளிநாட்டு ஆலைகள் எங்கள் வரம்பில் வராது என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டது. பதினான்கு மாதங்கள் இப்படியே போயின. அந்த ஆலையின் கையுறைகள் எந்த நாட்டில் இறங்குகின்றன என்று அவரிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். இந்தக் கொடுமைக்கு எதிராக இன்று ஓரளவு பல் உள்ள சட்டங்கள் சுங்கச் சட்டங்களும் அரசுக் கொள்முதல் சட்டங்களும்தான். அவை சரக்கையும் ஒப்பந்தத்தையும் பிடிக்கும். மனிதரின் துயரத்தை மட்டும் எழுதினால், படிப்பவர் வருந்திவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்.

முக்கியமான சட்டம் அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம். 2021 டிசம்பரில் கையெழுத்தாகி, 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் உள்ளது. சின்ஜியாங்கில் முழுமையாகவோ பகுதியாகவோ உருவான எந்தப் பொருளும் கட்டாய உழைப்பில் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளரின் பாடு. தடைப்பட்டியலில் உள்ள நிறுவனங்களின் சரக்குக்கும் இதே விதி. 2025 ஜனவரியில் அந்தப் பட்டியலில் 144 நிறுவனங்கள் இருந்தன. பின்னணி இவ்வளவு போதும்.

முதல் சிக்கல் இடத்தில் இருக்கிறது. "சீனாவில் தயாரிக்கப்பட்டது" என்ற சீட்டைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள், அதனால் பயனில்லை. வியட்நாமில் தைத்த சட்டையானாலும் அதன் பஞ்சு சின்ஜியாங்கில் விளைந்திருந்தால் தடை உண்டு. மறுபக்கம், உய்குர் தொழிலாளர்களைச் சீனாவின் வேறு மாகாணங்களுக்கு அனுப்பி வேலை வாங்கும் ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் சரக்கில் சின்ஜியாங் மூலப்பொருள் இல்லை, நிறுவனமும் பட்டியலில் இல்லை என்றால், சட்டத்தின் அந்த முன்முடிவு தானாகப் பொருந்தாது. பலர் தோற்பது இங்கேதான். அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அந்த நிறுவனத்தைப் பட்டியலில் சேர்க்கக் கோருங்கள், அல்லது 1930-ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 307-ஆம் பிரிவில் அந்தச் சரக்கை நிறுத்திவைக்கக் கோருங்கள். நிறுத்திவைக்கும் ஆணைக்கு முழு நிரூபணம் தேவையில்லை. முடிவான சான்றாக இல்லாவிட்டாலும், நியாயமாகச் சந்தேகிக்க இடமிருந்தால் போதும்.

அடுத்து, "அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறதே" என்ற வாதம். உங்களுக்கு நன்மை நினைப்பவர்களே இதைச் சொல்வார்கள். பதில் சட்டத்திலேயே இருக்கிறது: தண்டனை மிரட்டலின் பேரில், தானாக முன்வராத ஒருவரிடம் வாங்கும் வேலை கட்டாய உழைப்பு. கூலி கொடுத்தாலும் அதுதான். எனவே கூலிக் கணக்கில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஆள் சேர்க்க அதிகாரிகளுக்கு இலக்கு இருந்ததா, மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது, விடுதியின் கதவு வெளியே பூட்டப்பட்டதா, அரசியல் வகுப்பு நடந்ததா, ஊருக்குத் திரும்ப யாரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்று எழுதுங்கள்.

அந்தப் பெண்ணிடம் ஒரு காணொளித் துண்டு இருந்தது. ஆள்சேர்ப்பு விளம்பரத்துக்காக ஆலையே வெளியிட்டது. தம்பி மூன்று விநாடிகள் தெரிகிறான். அவர் அந்த முகத்தையே நூறு முறை பார்த்திருக்கிறார், வேறெதையும் கவனிக்கவில்லை. நாங்கள் படத்தை நிறுத்திப் பெரிதாக்கியபோது, அவன் தோளுக்குப் பின்னால் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியில் ஆலையின் சீனப் பெயரும் சரக்கு எண்ணும் தெரிந்தன. புகாருக்கு உயிர் கொடுத்தது அந்தப் பெட்டிதான்.

ஆலையின் பெயரைச் சீன எழுத்திலேயே கொடுங்கள். ஆங்கிலப் பெயரை நிறுவனங்கள் நினைத்தபோது மாற்றிக்கொள்கின்றன. சீனப் பதிவு எண் அவ்வளவு எளிதில் மாறாது. அமெரிக்காவுக்குக் கப்பலில் வரும் சரக்கின் விவரங்களைத் தனியார் தரவுத் தளங்களில் தேடலாம். ஆனால் தம் பெயரை மறைக்கும்படி இறக்குமதியாளர் சுங்கத்திடம் கேட்க முடியும், விமானச் சரக்கு அதில் வராது. அங்கே பெயர் கிடைக்கவில்லை என்பதற்காக அந்த ஆலை ஏற்றுமதியே செய்யவில்லை என்று முடிவுகட்டி விட்டுவிடாதீர்கள்.

உங்கள் உறவினரின் பெயரைப் புகாரில் எழுதவே எழுதாதீர்கள். அமெரிக்கச் சுங்கத் துறையின் இணையப் புகார்ப் பக்கத்தில் உங்கள் பெயரையும் கொடுக்காமல் புகார் செய்யலாம். முகம் தெரியும் படங்களை மறைத்து அனுப்புங்கள். அசலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். உதவ வந்த யாரோ அவசரத்தில் ஒட்டிய ஒரு குடும்பப் படம், ஊரில் இருப்பவர்களின் வாசலுக்குப் போலீசைக் கொண்டுவந்துவிடக்கூடும்.

புகாருக்குப் பிறகு மௌனம்தான். சரக்கு தடுக்கப்பட்டதா, எவ்வளவு, யாருடையது என்று பொதுவாகச் சொல்லமாட்டார்கள். வணிக ரகசியம் என்பார்கள். உயிரைப் பணயம் வைத்துத் தகவல் தந்தவருக்கு ஒரு வரிப் பதில்கூட இல்லாதது அநியாயம். ஆனாலும் புகார் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். புதிய சான்று கிடைத்தால் திரும்ப அனுப்புங்கள். இன்னொன்று: தடுக்கப்பட்ட சரக்கைப் பறிமுதலுக்கு முன் வேறு நாட்டுக்குத் திருப்பி அனுப்ப இறக்குமதியாளருக்கு வழி உண்டு. அதனால் அதே புகாரைக் கனடாவுக்கும் அனுப்புங்கள். அங்கே 2020 ஜூலை முதல் தடை இருக்கிறது. ஆனால் அமெரிக்காவைப் போல நிரூபிக்கும் பொறுப்பு இறக்குமதியாளர் மேல் இல்லை. அதிகாரிகள் தூங்கிவிட்டால் சரக்கு போய்விடும்.

திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு ஆடை அனுப்புபவர்களும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறார்கள். "எங்கள் பஞ்சு இந்தியப் பஞ்சு" என்ற ஒரு கடிதம் போதாது. எந்தப் பொதியிலிருந்து எந்த நூல், எந்த நூலிலிருந்து எந்தத் துணி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கொள்முதல் ரசீதும் உற்பத்திப் பதிவும் வேண்டும். சரக்கு தடுக்கப்பட்டபின் இறக்குமதியாளருக்குப் பதில் சொல்ல 30 நாள்தான். அந்த நாள்களில் நூற்பாலையிடம் போய்ப் பழைய பதிவேட்டைத் தேடச் சொன்னால் நடக்காது. வாங்கும்போதே நகல் எடுத்துவிடுங்கள். குறைந்த அளவு என்றால் விலக்கு என்பதும் இந்தச் சட்டத்தில் இல்லை; வெளியிலிருந்து வாங்கிய சிறிதளவு கலப்பு நூலும் கணக்கில் வரும்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு வாசல் வேறு. அங்கே அமெரிக்கா போன்ற இறக்குமதித் தடை இல்லை. 1897-ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் சிறைச் சரக்குச் சட்டத்தையும் நம்பி, உய்குர்களின் உரிமை அமைப்பான உலக உய்குர் காங்கிரஸ் தொடுத்த வழக்கு 2023-இல் தோற்றது. 2024 ஜூனில் அதே வழக்கின் மேல்முறையீட்டில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது: குற்றத்தில் ஈட்டிய சொத்துச் சட்டத்தின் கீழ் சின்ஜியாங் பஞ்சுச் சரக்கை விசாரிக்க மறுத்த தேசியக் குற்றவியல் முகமையின் முடிவு சட்டப்படி தவறு என்றது. ஆனால் சாதாரண மனிதர் கையாளக்கூடிய வழி கொள்முதல்தான். 2025 பிப்ரவரி 24 முதல் நடைமுறையில் உள்ள கொள்முதல் சட்டப்படி, தண்டனைத் தீர்ப்பு இல்லாவிட்டாலும், நவீன அடிமைத்தனத்துக்குப் போதிய சான்று இருப்பதாக அதிகாரி கருதினால் ஒரு நிறுவனத்தை ஒப்பந்தப் போட்டியிலிருந்து விலக்கலாம். "கருதினால்", "விலக்கலாம்" என்ற இரண்டு சொற்களில் பாதிப் புகார்கள் முடங்கிவிடும். ஒப்பந்தக்காரருக்குப் பின்னால் ஐந்தாவது கையில் இருக்கும் பஞ்சாலை அந்த விதிக்குள் தானாக வராது. எந்த வழியாக அந்தப் பஞ்சு இவருக்கு வருகிறது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

பிரிட்டனில் அரசு மருத்துவமனையிடமோ நகராட்சியிடமோ தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது "உங்கள் கொள்கை என்ன" என்று கேட்காதீர்கள். வழவழப்பான ஒரு கோப்பு வரும். ஒப்பந்த எண், பொருள், உற்பத்தியாளர் பெயர், ஆலை இருக்கும் நாடு என்று கேளுங்கள். பதிலுக்கு 20 வேலைநாள் கெடு உண்டு. வணிக நலன் என்று மறுத்தால் உள்மறுஆய்வு கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே சான்றோடு அவர்களிடம் போய்விடுங்கள். கையெழுத்தான பிறகு எல்லாக் கதவும் கனமாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2027 டிசம்பர் 14-இல்தான் நடைமுறைக்கு வருகிறது. அங்கே நிரூபிக்கும் சுமை அதிகாரிகள் மேல் இருப்பதால், உங்கள் சான்றுக்கு இன்னும் அதிக வேலை இருக்கும். அதுவரை காத்திருக்கும்போது ஒன்று செய்யுங்கள். ஆலைகள் போட்ட காணொளிகள் நாளைக்கு அங்கே இருக்கும் என்பது நிச்சயமில்லை. இணைப்பை மட்டும் குறித்துவைக்காமல், கோப்பையே இறக்கி, பார்த்த தேதியோடு இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள்.